ரத்தம் மாற்றுவதில்லை: டயாலிசிஸ் எவ்வாறு வேலை செய்கிறது?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து ஊர்களில் சிறுநீரகம் செயலிழந்த ஒருவர் டயாலிசிஸ் சிகிச்சைக்குப் போய்வருகிறார் என்றால், "அவருக்கு வாரத்துக்கு மூணு நாள் ரத்தம் மாத்துறாங்க" என்றுதான் அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். என் அம்மானுக்குச் சிகிச்சை தொடங்கிய முதல் வாரத்தில் பார்க்க வந்த உறவினர் ஒருவர், "எந்த குரூப் ரத்தம் வேணும்னு சொல்லுங்க, நம்ம பயலுக நாலு பேரு வந்து கொடுத்துட்டுப் போவாங்க" என்று முகப்பில் உட்கார்ந்தபடியே உறுதி கொடுத்தார். அந்த அன்பில் குறையொன்றும் இல்லை. ஆனால் டயாலிசிஸில் யாருடைய ரத்தமும் ஏற்றப்படுவதில்லை. நோயாளியின் உடலில் ஓடும் அதே ரத்தம் சிறிது சிறிதாக வெளியே வந்து, ஒரு வடிகட்டியின் வழியாகச் சென்று, அதே உடலுக்குத் திரும்புகிறது. எந்த நேரத்திலும் உடலுக்கு வெளியே குழாய்களிலும் வடிகட்டியிலும் இருக்கும் ரத்தம் ஏறத்தாழ கால் லிட்டர்தான். இந்த ஒரு செய்தி புரிந்துவிட்டால், மற்றவை ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிவாகும்.

சிறுநீரகம் செய்யும் வேலை

விலா எலும்புகளின் கீழ்ப்பகுதியில், முதுகை ஒட்டி, அவரை விதையின் வடிவத்தில் இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம் உடையது. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள் என்னும் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இவ்விரண்டு சிறிய உறுப்புகளுக்கே போகிறது. ஒரு நாளில் இவை வடித்தெடுக்கும் நீர் சுமார் 180 லிட்டர். ஆனால் சிறுநீராக வெளியேறுவதோ ஒன்றரை லிட்டர் அளவுதான். எஞ்சியதெல்லாம் ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது.

பொங்கலுக்கு முன் நம் வீடுகளில் அறைச் சாமான்கள் அனைத்தையும் வளவுக்கு, அதாவது உள்முற்றத்துக்கு, கொண்டுவந்து பரப்பி, துடைத்து, வேண்டியதை மட்டும் மீண்டும் உள்ளே அடுக்கி, உடைசலை வெளியே போடுவார்கள் அல்லவா? சிறுநீரகத்தின் முறையும் அதுவே. முதலில் நீர், உப்புகள், சர்க்கரை, கழிவு எல்லாவற்றையும் வடித்து வெளியே எடுக்கிறது. பிறகு உடலுக்குத் தேவையானவற்றைத் தேவையான அளவுக்கு உள்ளே எடுத்துக்கொள்கிறது. யூரியா, கிரியேட்டினின் போன்ற கழிவுகளும் மிகுதியான பொட்டாசியமும் அமிலமும் நீரும் மட்டுமே வெளியே போகின்றன.

இது தவிர, ரத்தச் சிவப்பணுக்களை உருவாக்குமாறு எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் என்னும் ஹார்மோனைச் சுரப்பதும், எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றுவதும், ரத்த அழுத்தத்தைச் சீராக வைப்பதும் சிறுநீரகத்தின் பொறுப்புகளே. டயாலிசிஸ் இயந்திரத்தால் செய்ய முடியாதவை எவை என்று பின்னர் பேசும்போது இவற்றுக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

நீண்டகாலச் சர்க்கரை நோயும் உயர் ரத்த அழுத்தமும்தான் சிறுநீரகச் செயலிழப்புக்கு முதன்மையான காரணங்கள். சிறுநீரக அழற்சி, பரம்பரைக் கோளாறுகள், அடைப்பை உண்டாக்கும் கற்கள், மருத்துவர் சொல்லாமலேயே ஆண்டுக்கணக்கில் விழுங்கப்படும் வலி மாத்திரைகள் ஆகியவையும் உண்டு. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதை நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று கணக்கிடுகிறார்கள். நல்ல நிலையில் 90-க்கு மேல் இருக்கும் இந்த எண் 15-க்குக் கீழே இறங்கினால் அது ஐந்தாவது நிலை, அதாவது செயலிழப்பு நிலை. அதுவரைக்கும் பெரும்பாலும் வலி எதுவும் இருக்காது என்பதே இந்நோயின் தந்திரம்.

உப்புக்கண்டமும் ஊறும் நீரும்

வடிகட்டியின் உள்ளே நடப்பதை அடுக்களையிலிருந்தே புரிந்துகொள்ளலாம். உப்பிட்டுக் காயவைத்த இறைச்சியான உப்புக்கண்டத்தை வறுப்பதற்கு முன் நீரில் ஊறவைப்பதுண்டு. யாரும் பிழியாமலே கறிக்குள் இருக்கும் உப்பு மெல்ல நீருக்குள் வந்துவிடுகிறது. ஒரு பொருள் செறிவாக இருக்கும் இடத்திலிருந்து குறைவாக இருக்கும் இடத்துக்குத் தானாகப் பரவுவதே இதற்குக் காரணம். சிறிது நேரத்தில் நீரும் உப்புக்கரித்துவிட்டால் பரவல் நின்றுவிடும். அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீர் ஊற்றினால் மீண்டும் தொடங்கும். டயாலிசிஸின் அடிப்படை விதி இவ்வளவே: நடுவில் ஒரு மெல்லிய சவ்வு, ஒருபுறம் கழிவு நிறைந்த ரத்தம், மறுபுறம் கழிவே இல்லாத, ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும் நீர்மம்.

சவ்வில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உள்ளன. யூரியா, கிரியேட்டினின், பொட்டாசியம் போன்ற சிறிய மூலக்கூறுகள் அவற்றின் வழியே நுழைந்துவிடும். ரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் நுழைய முடியாது. இப்படிச் சவ்வின் வழியே பொருள்களைப் பிரிப்பதற்கு டயாலிசிஸ் என்று 1861-இல் பெயரிட்டவர் தாமஸ் கிரஹாம் என்னும் ஸ்காட்லாந்து வேதியியலாளர். அதை மனித உயிரைக் காக்கும் சிகிச்சையாக்கிக் காட்டியவர் நெதர்லாந்து மருத்துவரான வில்லெம் கோல்ஃப். 1943-இல், நாட்டை ஜெர்மன் படை பிடித்து வைத்திருந்த காலத்தில், இறைச்சி அடைக்கப் பயன்படும் செல்லோஃபேன் குழாயை ஓர் உருளையின்மேல் சுற்றி, அந்த உருளையை உப்புநீர்த் தொட்டியில் சுழலவிட்டார். முதலில் சிகிச்சை பெற்றவர்களைக் காப்பாற்ற இயலவில்லை. 1945-இல் 67 வயதுப் பெண்மணி ஒருவர் நினைவு திரும்பிப் பிழைத்தார். இன்று நம் ஊர் மருத்துவமனைகளில் நிற்கும் இயந்திரங்களும் அந்தத் தொட்டியின் வழிவந்தவையே.

இயந்திரத்தின் உள்ளே

நோயாளிகள் இயந்திரத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் செயற்கைச் சிறுநீரகம் என்று சொல்லத் தகுந்தது அதன் பக்கத்தில் செருகப்பட்டிருக்கும், ஒரு முழத்துக்கும் குறைவான, ஒளி ஊடுருவும் உருளைதான். டயலைசர் என்பது அதன் பெயர். அதற்குள் தலைமுடி போன்ற மெல்லிய குழாய்கள் ஏறத்தாழ 10,000 அடுக்கப்பட்டுள்ளன; ஒவ்வொன்றின் உட்புற விட்டம் 0.2 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். இக்குழாய்களின் சுவர்தான் சவ்வு. எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் ஒன்றரைச் சதுர மீட்டருக்கு வரும், அதாவது ஒருவர் படுத்துறங்கும் பாயின் அளவு. அவ்வளவு பரப்பையும் கைக்கு அடக்கமான ஓர் உருளைக்குள் சுருட்டி வைத்திருப்பதுதான் இதன் சிறப்பு.

குழாய்களுக்குள்ளே ரத்தம் ஒரு திசையில் ஓடுகிறது; குழாய்களைச் சுற்றி டயாலிசேட் என்னும் நீர்மம் எதிர்த்திசையில் ஓடுகிறது. எதிரெதிராக ஓடவிடுவதற்குக் காரணம் உண்டு: கழிவு பெரும்பாலும் நீங்கிய நிலையில் வெளியேறப்போகும் ரத்தம், அப்போதுதான் உள்ளே வரும் புத்தம் புதிய நீர்மத்தைச் சந்திப்பதால், எஞ்சிய கழிவும் கடைசிவரை இறங்கிக்கொண்டே இருக்கிறது. நிமிடத்துக்கு 300 மில்லிலிட்டர் வேகத்தில் ரத்தம் ஓடினால் நான்கு மணி நேரத்தில் 72 லிட்டர் வடிகட்டியைக் கடக்கும். உடலில் உள்ள ரத்தம் 5 லிட்டர் அளவே என்பதால், அது பதினான்கு சுற்றுக்கு மேல் போய்வருகிறது என்று பொருள்.

டயாலிசேட்டில் சோடியம், கால்சியம், பைகார்பனேட் ஆகியவை உடலுக்கு ஏற்ற அளவில் கலந்திருக்கும். பொட்டாசியம் மட்டும் ரத்தத்தில் இருப்பதைவிடக் குறைவாக வைக்கப்படுவதால், மிகுதியான பொட்டாசியம் ரத்தத்திலிருந்து இறங்கிவிடுகிறது. அதே நேரத்தில் பைகார்பனேட் ரத்தத்துக்குள் ஏறி அமிலத்தைத் தணிக்கிறது. போக்குவரத்து இருவழியும் நடக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அதனால்தான் நீரின் தூய்மை உயிர்ப் பிரச்சினையாகிறது. நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் வீதம் ஒரு முறைக்கு 120 லிட்டர் நீர் ரத்தத்துக்கு மிக அருகில், ஒரு சவ்வு இடைவெளியில் ஓடுகிறது. ஊருணி நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், குழாய் நீர் எவ்வளவு சுவையாக இருந்தாலும், குளோரினோ அலுமினியமோ நுண்ணுயிர் நஞ்சோ சிறிதளவு இருந்தாலும் அது சவ்வைக் கடந்துவிடக்கூடும். ஆகவே ஒவ்வொரு மையத்திலும் ஆர்.ஓ. சுத்திகரிப்பு அமைப்பு ஒன்று இயங்குகிறது. ஒரு மையத்தின் தரத்தை அறிய விரும்புபவர் குளிர்சாதன வசதியைப் பார்ப்பதைவிட, ஆர்.ஓ. நீரை எத்தனை நாளுக்கு ஒருமுறை பரிசோதிக்கிறார்கள் என்று கேட்பது நல்லது என்பது என் கருத்து.

கழிவைப் போலவே மிகுதியான நீரையும் எடுத்தாக வேண்டும். இது பரவலால் நடப்பதன்று. சவ்வின் இரு புறமும் அழுத்த வேறுபாட்டை உண்டாக்கி, ரத்தத்திலிருந்து நீரை இயந்திரம் இழுக்கிறது. இத்தனை மணி நேரத்தில் இத்தனை லிட்டர் என்று முன்கூட்டியே பதிந்துவிடலாம். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் செலுத்தப்படுகிறது. குழாயில் காற்றுக் குமிழி தென்பட்டாலோ, சவ்வு கிழிந்து ரத்தம் கசிந்தாலோ, இயந்திரம் உடனே ஒலியெழுப்பிப் பம்பை நிறுத்திவிடும். அந்த ஒலியைக் கேட்டு முதல் நாளில் பதறாத நோயாளி இல்லை. பெரும்பாலான நேரங்களில் கை மடங்கியதால் குழாயில் ஓட்டம் தடைப்பட்டிருக்கும், அவ்வளவே.

கையில் ஓர் அதிர்வு

நிமிடத்துக்கு 300 மில்லிலிட்டர் ரத்தத்தை எங்கிருந்து எடுப்பது? சாதாரண சிரையில் அவ்வளவு ஓட்டம் கிடையாது; தமனியில் ஓட்டம் உண்டு, ஆனால் அது ஆழத்தில் இருக்கிறது, அடிக்கடி குத்தவும் கூடாது. இந்தச் சிக்கலுக்கு 1966-இல் வெளியான தீர்வுதான் ஃபிஸ்டுலா. மணிக்கட்டிலோ முழங்கையிலோ ஒரு தமனியைப் பக்கத்துச் சிரையோடு சிறிய அறுவை மூலம் இணைத்துவிடுகிறார்கள். தமனியின் வேகம் சிரைக்குள் பாய்ந்து, சில வாரங்களில் அந்தச் சிரை பருத்துச் சுவர் தடித்துவிடுகிறது. பிறகு அதில் இரண்டு ஊசிகள்: ஒன்று ரத்தத்தை வெளியே எடுக்க, மற்றொன்று திருப்பி அனுப்ப.

ஃபிஸ்டுலா பக்குவப்பட ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகலாம். அதன்மேல் விரலை வைத்தால் மெல்லிய அதிர்வு தெரியும். காதை வைத்தால் இரைச்சல் கேட்கும். அந்த அதிர்வு நின்றுவிட்டால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம் என்பதால், மறுநாள் வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, இறுக்கமான வளையலோ கடிகாரமோ அணியக் கூடாது, தலைக்கு வைத்துத் தூங்கவும் கூடாது. முன்னேற்பாடு இல்லாமல் அவசரமாக டயாலிசிஸ் தொடங்க நேர்ந்தவர்களுக்குக் கழுத்துச் சிரையில் குழாய் பொருத்துவார்கள். அது உடனே பயன்படும். ஆனால் கிருமித் தொற்றுக்கு வழியும் அதுவே.

நான்கு மணி நேரமும் எஞ்சிய நேரமும்

மையத்துக்குள் நுழைந்ததும் முதல் வேலை எடை பார்ப்பது. உடலில் மிகுதியான நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடையை 'டிரை வெயிட்' என்று சொல்கிறார்கள். உலர் எடை எனலாம். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. ஆகவே 60 கிலோ உலர் எடை உள்ளவர் 62 கிலோவாக வந்தால், சேர்ந்திருப்பது 2 லிட்டர் நீர்.

அம்மானுக்குப் பக்கத்துக் கட்டிலில் வயதான ஆச்சி ஒருவர் இருந்தார். ஒரு திங்கட்கிழமை எடை பார்த்த டெக்னீசியன், "என்ன ஆச்சி, நாலு கிலோ கூடியிருக்கு? கல்யாண வீட்டுக்குப் போனீகளா?" என்று கேட்டார். "கல்யாண வீட்டுல தண்ணியே குடிக்கலப்பா, பலகாரம்தான் சாப்பிட்டேன்" என்றார் ஆச்சி. அவர் சொன்னது பொய்யில்லை என்றே நினைக்கிறேன். கைமுறுக்கும் சீடையும் ஊறுகாயும் உள்ளே போன பிறகு, வீட்டுக்கு வந்து குடித்த நீரை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. சுமார் 9 கிராம் உப்பு உடலில் ஒரு லிட்டர் நீரைப் பிடித்து வைக்கும். உப்பைக் குறைக்காமல் நீரைக் குறைக்க முயல்பவர் தாகத்தோடு போராடித் தோற்றுப்போவார். சித்திரை, வைகாசி வெயிலில் சொல்லவே வேண்டாம்.

நாலு கிலோவையும் நான்கு மணி நேரத்தில் எடுத்துவிட்டால் என்ன என்று தோன்றும். இயந்திரம் நீரை எடுப்பது ரத்தத்திலிருந்து மட்டுமே. ஆனால் சேர்ந்த நீரில் பெரும்பகுதி திசுக்களில் தங்கியிருக்கிறது. திசுக்களிலிருந்து ரத்தத்துக்கு நீர் ஊறிவரும் வேகத்தைவிட விரைவாக இழுத்தால், ஊறும் முன்னே இறைத்த கிணறுபோல ரத்த நாளங்கள் வறண்டு, அழுத்தம் சரிந்து, கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், வாந்தி வரும், மயக்கம் வரும். பொதுவாக ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மில்லிலிட்டரைத் தாண்டாமல் எடுப்பது நல்லது என்பார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு நான்கு மணி நேரத்தில் அது 3 லிட்டர் அளவுதான். டயாலிசிஸ் முடிந்து வந்தவர் அன்று முழுவதும் துவண்டு கிடக்கிறார் என்றால், முதலில் பார்க்க வேண்டியது இரு சிகிச்சைகளுக்கு இடையே எவ்வளவு எடை ஏறியது என்பதையே.

ஒரு வாரத்தில் 168 மணி நேரம் உள்ளது. வாரம் மூன்று முறை, நான்கு மணி நேரம் வீதம் என்றால் டயாலிசிஸ் நடப்பது 12 மணி நேரம். நல்ல சிறுநீரகம் 168 மணி நேரமும் செய்யும் வேலையை இயந்திரம் 12 மணி நேரத்தில், அதுவும் ஒரு பகுதியை மட்டுமே செய்கிறது. எஞ்சிய 156 மணி நேரத்தில் சேர்வதெல்லாம் உள்ளேயே இருக்கும். திங்கள், புதன், வெள்ளி என்று போகிறவர்களுக்கு வெள்ளிக்கும் திங்களுக்கும் இடையிலான நீண்ட இடைவெளிதான் ஆபத்து மிகுந்தது. நம் ஊரில் விசேஷங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை வருவதை இதோடு சேர்த்து நினைக்க வேண்டும்.

இந்த இடைவெளியில் நீரைவிட வேகமாகக் கொல்லக்கூடியது பொட்டாசியம். ரத்தத்தில் அது அளவு மீறினால் முன்னறிவிப்பு ஏதுமின்றி இதயத் துடிப்பு நின்றுவிடலாம். உடம்புக்குக் குளிர்ச்சி என்று நாம் கொடுக்கும் இளநீர்தான் இங்கே முதல் எதிரி. ஒரு இளநீரில் 600 மில்லிகிராம் அளவுக்குக்கூடப் பொட்டாசியம் இருக்கலாம். வாழைப்பழம், கீரை, உருளைக்கிழங்கு, பழச்சாறு ஆகியவற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு. காய்களைச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டிவிட்டால் பொட்டாசியத்தின் ஒரு பகுதி போய்விடும். அரிசி கழுவிய நீரில் செய்யும் மண்டியிலும் குழம்பிலும் காய் வெந்த நீர் அப்படியே தங்கிவிடுவதால், நோயாளிக்கு மட்டும் வெந்து வடித்த காயைத் தனியே எடுத்துத் தாளித்துக் கொடுப்பது எளிய வழி. உப்புக்கு மாற்று என்று கடைகளில் விற்கும் 'சோடியம் குறைந்த உப்பு' பலவற்றில் பொட்டாசியம் இருக்கும். இவர்களுக்கு அது கல்லுப்பைவிடக் கேடானது.

புரதத்தைப் பற்றி ஒரு குழப்பம் உண்டு. டயாலிசிஸுக்கு முன் புரதத்தைக் குறைக்கச் சொன்ன மருத்துவரே, தொடங்கிய பின் கூட்டச் சொல்வார். ஒவ்வொரு சிகிச்சையிலும் அமினோ அமிலங்கள் கழிவோடு வெளியேறிவிடுவதே காரணம்; முட்டையின் வெள்ளைக்கரு இதற்கு ஏற்றது. சிறுநீரகத்தின் ஹார்மோன் வேலைகளை இயந்திரம் செய்யாது என்பதால், சோகைக்கு எரித்ரோபாய்ட்டின் ஊசியும் இரும்புச் சத்தும், எலும்புக்கு வைட்டமின் டி-யும், உணவிலுள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே கட்டிப்போடச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கும் மாத்திரையும் தேவைப்படும். சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து அந்த மாத்திரையைப் போடுவதில் பயனில்லை.

சிகிச்சை போதுமானதாக இருக்கிறதா என்பதை யூரியாவைக் கொண்டு அளக்கிறார்கள். தொடக்கத்தில் 150 இருந்த யூரியா முடிவில் 50 ஆனால், மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 66 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருக்கிறது. குறைந்தது 65 விழுக்காடு குறைய வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். நேரமாகிவிட்டது, பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று அரை மணி முன்னதாகவே ஊசியை எடுக்கச் சொல்கிறவர்கள் இழப்பது இந்த விழுக்காட்டைத்தான்.

தொடங்கினால் விட முடியாதா?

"ஒருதரம் டயாலிசிஸ் ஆரம்பிச்சுட்டா சாகுறவரைக்கும் விட முடியாது" என்ற அச்சத்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்களை நிறையப் பார்க்கலாம். விட முடியாமல் செய்வது நோயின் நிலையே. சிகிச்சை அதற்குக் காரணமாகாது. கண்ணாடி விரியன் கடித்து, அல்லது கடும் வயிற்றுப்போக்கில் நீர் வற்றி, திடீரென்று சிறுநீரகம் நின்றுபோனவர்களுக்குச் சில நாட்களோ சில வாரங்களோ டயாலிசிஸ் செய்தபின், பலருக்குச் சிறுநீரகம் மீண்டு சிகிச்சை நிறுத்தப்படுகிறது. ஆண்டுக்கணக்கில் சர்க்கரையால் சுருங்கிப்போன சிறுநீரகம் மீள்வதில்லை. ஆகையால் அவர்களுக்கு மட்டுமே சிகிச்சை தொடர்கிறது. தள்ளிப்போடுவதால் கிடைப்பது கழுத்துக் குழாயும் நள்ளிரவு மூச்சுத்திணறலும்தான்.

வயிற்றின் உள்ளுறையையே சவ்வாகப் பயன்படுத்தும் பெரிட்டோனியல் டயாலிசிஸ் என்னும் இன்னொரு முறையும் உண்டு. வயிற்றில் பொருத்திய மென்குழாய் வழியாக 2 லிட்டர் நீர்மத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் தங்கவைத்து, வடித்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். நாளுக்குப் பெரும்பாலும் நான்கு முறை. இயந்திரமும் ஊசியும் இல்லை, வீட்டிலேயே செய்துகொள்ளலாம், நாள் முழுவதும் மெல்ல நடப்பதால் உணவுக் கட்டுப்பாடும் சற்றுத் தளர்வாக இருக்கும். கைச்சுத்தம் தவறினால் வயிற்றுக்குள் தொற்று வரும், வெளிவரும் நீர் கலங்கலாக இருப்பது அதன் அடையாளம். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்க, முப்பது அறை வீட்டில் இரண்டு முதியவர்கள் மட்டும் வாழும் ஊர்கள் இங்கே பல. வாரம் மூன்று நாள் காரைக்குடிக்கோ மதுரைக்கோ யார் அழைத்துப் போவது என்பதே அவர்களின் முதல் கேள்வி. ஓர் அறையைச் சுத்தமாக ஒதுக்கி வைக்க அவர்களால் முடியும் என்பதால், இந்த முறையைப் பற்றி மருத்துவரிடம் தாமே கேட்க வேண்டும். 2021-இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இதற்கான நீர்மப் பைகளை வீட்டுக்கே கொடுக்கும் ஏற்பாடும் உள்ளது. இயந்திர டயாலிசிஸ் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்கும். 2016 முதல் தேசிய டயாலிசிஸ் திட்டமும் இருக்கிறது.

உடல் தகுதி உடையவர்களுக்கு இவை எல்லாவற்றையும்விட நல்லது சிறுநீரக மாற்று. இந்தியாவில் அது வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1971-இல் வெற்றிகரமாகத் தொடங்கியது. மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்காக மாநில அரசின் ஆணையத்தில் பதிவு செய்து காத்திருப்பவர்களும் அதுவரை டயாலிசிஸைத் தொடர்ந்தே ஆக வேண்டும்.

ஐந்தாம் நிலைக்கு முன்பே, நான்காம் நிலையில் இருக்கும்போதே, எந்த முறை என்று முடிவெடுத்து ஃபிஸ்டுலாவை அமைத்துக்கொள்பவர்களுக்குக் கழுத்துக் குழாய் தேவைப்படுவதில்லை. அதற்குச் சிரைகள் கெடாமல் இருக்க வேண்டும். வலக்கைப் பழக்கம் உள்ளவருக்குப் பெரும்பாலும் இடக்கையில்தான் ஃபிஸ்டுலா வைப்பார்கள். எனவே கிரியேட்டினின் ஏறத் தொடங்கிய நாளிலிருந்தே, சளிக் காய்ச்சலுக்குக் குளுக்கோஸ் ஏற்ற வரும் செவிலியரிடமும், பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க வருபவரிடமும் இடக்கையை நீட்டாமல், வலக்கையின் புறங்கையைக் காட்டி அங்கே குத்துமாறு சொல்ல வேண்டும்.